விட்ட இடத்திலிருந்து: ஐ.ஏ. ரிச்சர்ட்ஸின் கடைசிச் சீனப் பயணம்

பணி ஓய்வுக்குப் பின் வெளிநாடு சென்று ஆங்கிலம் கற்பிப்பது மேலை நாடுகளில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆசிய நாடுகளை நோக்கிப் புறப்படுகிறார்கள். சிலருக்கு ஊர் பார்க்கும் ஆசை, சிலருக்கு ஓய்வூதியம் போதாத குறை, சிலருக்கு வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாத தவிப்பு. ஆங்கிலம் தாய்மொழி என்ற ஒரு தகுதியே அவர்களில் பலருக்கு வேலைக்கான நுழைவுச் சீட்டாகவும் அமைந்துவிடுகிறது.

இந்த வழக்கம் பரவுவதற்கு முன்னரே, 1979ஆம் ஆண்டில், எண்பத்தாறு வயது முதியவர் ஒருவர் இதே வேலையாகச் சீனாவுக்குப் புறப்பட்டார். அவர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்று அப்போது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பயணத்திலிருந்து அவர் நோயாளியாகத் திரும்பினார். அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாள் கேம்பிரிட்ஜில் காலமானார். நவீன ஆங்கில இலக்கிய விமர்சனத்தின் தந்தையருள் ஒருவர் என்று பாடநூல்கள் குறிப்பிடும் மனிதர், வாழ்வின் கடைசி மாதங்களை ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்காகச் செலவிட்டது ஏன் என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

தமிழ் வாசகர்களுக்கு ரிச்சர்ட்ஸ் விமர்சகராகவே அறிமுகம். 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழின் வழியே சி.சு. செல்லப்பா முன்னெடுத்த அலசல் விமர்சனத்தைப் பற்றிப் பேசும்போது, கவிதையைக் கவிதையாகவே அணுகிச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கும் ஆங்கில மரபும் கூடவே நினைவுகூரப்படும். அம்மரபின் ஊற்றுக்கண்களில் ஒன்று ரிச்சர்ட்ஸ் 1929இல் வெளியிட்ட 'நடைமுறை விமர்சனம்' என்ற நூல். கவிஞரின் பெயரை மறைத்துவிட்டுக் கவிதையை மட்டும் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துகளைத் தொகுத்து ஆராய்ந்த நூல் அது. நன்கு படித்த கேம்பிரிட்ஜ் மாணவர்களே எத்தனை விதமாகப் பிழைபடப் படிக்கிறார்கள் என்பதை அவர் அதில் பட்டியலிட்டிருந்தார். அந்நூல் வெளிவந்த அதே ஆண்டில் அவர் சீனாவில் ஆங்கிலம் கற்பிக்கச் சென்றார் என்பது நம்மில் பலர் கவனிக்கத் தவறிய செய்தி. விமர்சகர் ரிச்சர்ட்ஸும் ஆங்கில ஆசிரியர் ரிச்சர்ட்ஸும் வேறு வேறு ஆட்கள் அல்லர். இருவரையும் இணைப்பது பிழைபடப் புரிந்துகொள்ளல் என்ற ஒரே கவலை.

அந்தக் கவலையின் தொடக்கத்தை ஒரு குறிப்பிட்ட இரவோடு தொடர்புபடுத்தலாம். 1918 நவம்பர் 11, முதல் உலகப்போர் ஓய்ந்த நாள். சி.கே. ஆக்டன் என்ற அறிஞர் கேம்பிரிட்ஜில் ஓர் இதழை நடத்தி வந்தார். போரை எதிர்த்தவர்களுக்கும் அது இடமளித்தது என்ற ஆத்திரத்தில், வெற்றிக் களிப்பிலிருந்த மாணவர் கும்பல் ஒன்று அவருடைய கடையை அடித்து நொறுக்கியது. அன்றிரவு அது குறித்து விசாரிக்க ரிச்சர்ட்ஸின் அறைக்கு வந்த ஆக்டன், படிக்கட்டில் நின்றபடியே நள்ளிரவு கடந்தும் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு கலவரத்திலிருந்து சொற்களுக்கும், சொற்களிலிருந்து பொருளுக்கும் சென்றது. 1923இல் இருவரும் இணைந்து வெளியிட்ட 'பொருளின் பொருள்' என்ற புகழ்பெற்ற நூலுக்கு வித்து அந்தப் படிக்கட்டில் விழுந்தது.

அந்நூலை எழுதும்போதே இருவருக்கும் இன்னொன்றும் புலப்பட்டது. எந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதப் புகுந்தாலும் குறிப்பிட்ட சில சொற்களே திரும்பத் திரும்ப வந்தன. அப்படியானால் சில நூறு சொற்களைக் கொண்டே மற்றெல்லாவற்றையும் சொல்லிவிட முடியாதா? இந்த எண்ணத்தை ஆக்டன் வளர்த்தெடுத்து, 1930இல் 'பேசிக் ஆங்கிலம்' என்ற பெயரில் வெளியிட்டார். பொருட்பெயர்கள் 600, பண்புச் சொற்கள் 150, வினைகளும் இணைப்புச் சொற்களுமாக 100. ஆக மொத்தம் 850 சொற்கள். இவற்றுள் வினைச்சொற்கள் பதினெட்டு மட்டுமே. 'என்டர்' என்ற வினை வேண்டாம், 'கோ இன்' போதும். 'அசென்ட்' வேண்டாம், 'கோ அப்' போதும். ஒரே தாளில் அச்சிட்டுவிடக்கூடிய ஒரு மொழி!

ஒரு கோடிக்கும் மேற்பட்ட மனிதரைக் காவுகொண்ட போரைக் கண்ட தலைமுறைக்கு இது வெறும் மொழி விளையாட்டாகத் தோன்றவில்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் பிழையாகப் புரிந்துகொள்வதே பேரழிவுகளுக்கு வழிவகுக்கிறது என்றும், எளிதில் கற்கத்தக்க ஒரு பொதுமொழி அதைத் தணிக்கும் என்றும் ரிச்சர்ட்ஸ் உண்மையாகவே நம்பினார். நம்முடைய நேருவும் 1937இல் மொழிச் சிக்கலைப் பற்றி எழுதியபோது, பேசிக் ஆங்கிலத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஓர் 'அடிப்படை இந்துஸ்தானி'யை உருவாக்கலாம் என்று யோசனை கூறினார். அக்காலத்தில் அந்தத் திட்டத்துக்கு இருந்த ஈர்ப்பு அத்தகையது.

*

ரிச்சர்ட்ஸ் 1929இல் சென்று சேர்ந்த சிங்குவா பல்கலைக்கழகத்துக்கு ஒரு வினோதமான வரலாறு உண்டு. பாக்ஸர் கிளர்ச்சிக்குத் தண்டனையாகச் சீனா வல்லரசுகளுக்குக் கட்டிவந்த இழப்பீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. அப்பணத்தைக் கொண்டு, அமெரிக்கா சென்று படிக்கவிருக்கும் சீன மாணவர்களைத் தயார் செய்வதற்காக 1911இல் தொடங்கப்பட்ட பள்ளியே பின்னர் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கே ஆங்கிலம் கற்பித்தல் என்பது முதல் நாளிலிருந்தே அரசியலோடு பிணைந்த காரியம்.

அங்கு நடந்ததாக ரிச்சர்ட்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த வகுப்பறை நிகழ்ச்சி ஒன்று உண்டு. தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' நாவலை அவர் மாணவர்களுக்குப் படித்துக் காட்டி வந்தார். டெஸ் தூக்கிலிடப்பட்டதை அறிவிக்கும் கறுப்புக் கொடி ஏறும் இறுதிப் பகுதியைப் படித்தபோது வகுப்பு முழுவதும் கைதட்டியது. அவர் திகைத்துப் போனார். விசாரித்தபோது விளக்கம் கிடைத்தது: நாவலின் தொடக்கத்தில் டெஸ் தன் தந்தையிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டாள், அதற்குரிய தண்டனையை ஆசிரியர் எப்போது கொடுப்பார் என்று மாணவர்கள் காத்திருந்தார்கள், கடைசியில் கொடுத்துவிட்டார்.

இதைச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். பல வெளிநாட்டு ஆசிரியர்கள் அப்படித்தான் நகர்ந்திருப்பார்கள். கேம்பிரிட்ஜ் மாணவர்களின் பிழைகளைத் தொகுத்து அப்போதுதான் நூலாக்கியிருந்த மனிதருக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இந்த மாணவர்களுக்கு ஆங்கிலச் சொற்களின் பொருள் தெரியாமலில்லை. சொற்களுக்குப் பின்னால் நிற்கும் அறம் வேறாக இருந்தது. தந்தையை மதித்தல் என்பதை வாழ்வின் ஆணிவேராகக் கொண்ட ஒரு மரபிலிருந்து அவர்கள் ஹார்டியைப் படித்தார்கள். அப்படியானால் யாருடைய வாசிப்பு பிழையானது?

அந்தக் கேள்வியின் அழுத்தத்தால் ஆசிரியர் மாணவரானார். சீன அறிஞர்கள் சிலரின் துணையோடு கன்பூசிய மரபின் பெரும் சிந்தனையாளரான மென்ஷியஸைச் சொல் சொல்லாகப் படிக்கத் தொடங்கினார். அதன் விளைவு 1932இல் வெளிவந்த 'மென்ஷியஸ் மனம் பற்றி' என்ற நூல். மென்ஷியஸ் கையாளும் 'சின்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் இதயம் என்பதா, மனம் என்பதா? இரண்டும் அதில் அடங்கும். இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தால் மற்றது நழுவும். நம்முடைய 'நெஞ்சு' என்ற சொல்லை ஆங்கிலத்தில் பெயர்க்க முயன்றவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதன்று. ஒரு சொல்லுக்கு ஒரே பொருளைக் கட்டி மொழிபெயர்க்காமல், சாத்தியமான பொருள்கள் பலவற்றையும் அருகருகே பரப்பி வைத்துப் பார்க்கும் முறையொன்றை அந்நூலில் அவர் முயன்று பார்த்தார்.

ஆனால் இங்கேயே ஒரு முரணும் தொடங்குகிறது. சொற்களின் பன்மையை இவ்வளவு நுட்பமாக உணர்ந்த அதே மனிதர்தாம், 850 சொற்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சீனப் பள்ளிகளை அணுகினார். இந்த முரண் அவருடைய வாழ்வின் இறுதிவரை தீரவில்லை.

*

ராக்கெஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியோடு பேசிக் ஆங்கிலத்துக்கான நிறுவனம் ஒன்று பீகிங்கில் செயல்பட்டது. ரிச்சர்ட்ஸ் 1936இல் மீண்டும் சீனா சென்று 1938 வரை பெரும்பகுதியும் அந்த வேலையில் ஈடுபட்டார். சீன மாணவர்களுக்கென்று முதல் பாடநூல் தயாராயிற்று. பள்ளிகளில் அதைப் பரப்புவது பற்றி அரசுடனான பேச்சும் நம்பிக்கை தரும் கட்டத்துக்கு வந்திருந்தது. அந்த நேரத்தில், 1937 ஜூலை 7ஆம் நாள், பீகிங்கை அடுத்த மார்கோ போலோ பாலத்தருகே ஜப்பானியப் படைக்கும் சீனப் படைக்கும் மோதல் மூண்டது. சில வாரங்களில் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. போர்களைத் தணிக்கும் என்று நம்பப்பட்ட திட்டத்தைப் போரே விழுங்கிவிட்டது.

அந்தக் கோடையில் ரிச்சர்ட்ஸின் பழைய மாணவரான வில்லியம் எம்ப்சன் பேராசிரியர் பணியேற்கப் பீகிங் வந்து சேர்ந்தார். ரிச்சர்ட்ஸிடம் படித்த காலத்தில் எழுதத் தொடங்கி 1930இல் வெளியான 'ஏழு வகைப் பொருள்மயக்கம்' என்ற நூல் அவருக்கு ஏற்கெனவே பெயர் வாங்கித் தந்திருந்தது. அவர் வந்தபோது அவருடைய பல்கலைக்கழகம் தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பீகிங், சிங்குவா, நான்காய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் ஒன்றாக இணைந்து முதலில் சாங்ஷா நகரத்திலும், பின்னர் தென்மேற்குக் கோடியிலுள்ள குன்மிங்கிலும் தஞ்சம் புகுந்தன. குன்மிங்குக்கு ஒரு பகுதி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆயிரம் மைலுக்கும் மேல் நடந்தே போய்ச் சேர்ந்தார்கள். கலைத்துறை வகுப்புகள் சில மாதங்கள் நான்யுவே என்ற மலையடிவாரத்தில் நடந்தன. நூலகம் வடக்கே அகப்பட்டுக்கொண்டதால் புத்தகங்கள் இல்லை. எம்ப்சன் ஆங்கிலக் கவிதைகளை நினைவிலிருந்தே எடுத்துச் சொல்லிப் பாடம் நடத்தினார்.

அந்த வகுப்புகளிலிருந்து வந்தவர்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. சீன நவீன கவிதையின் முதன்மையான குரல்களுள் ஒருவரான மூ டான், ஆங்கில இலக்கிய அறிஞர் வாங் சுவோலியாங், பிற்காலத்தில் சீனா முழுவதும் தலைமுறைகள் ஆங்கிலம் கற்ற பாடநூல்களை எழுதிய சூ குவோசாங் ஆகியோர் எம்ப்சனிடம் படித்தவர்கள். 850 சொற்களின் வழியே சீனாவுக்கு ஆங்கிலத்தைக் கொண்டு சேர்க்கத் திட்டமிட்டவர் ரிச்சர்ட்ஸ். நடந்ததோ வேறு. பாடநூலே இல்லாத மலையடிவார வகுப்பில், சொற்களின் எண்ணிக்கை பற்றிய கவலையின்றி, ஷேக்ஸ்பியரையும் டன்னையும் கேட்ட மாணவர்களுள் ஒருவர் எழுதிய பாடநூல் நாடெங்கும் சென்றது.

*

1939இல் ரிச்சர்ட்ஸ் ஹார்வர்டுக்குப் போனார். அங்கிருந்த காலத்தில் இலக்கிய விமர்சனத்தைக் காட்டிலும் மொழி கற்பித்தலுக்கே மிகுதியும் உழைத்தார். பழைய விமர்சன நண்பர்கள் இதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார்கள். அவரோ கோட்டோவியங்களின் துணையோடு ஆங்கிலம் கற்பிக்கும் நூல்களைக் கிறிஸ்டின் கிப்சனோடு சேர்ந்து எழுதினார். பாடப் படங்களுக்காக வால்ட் டிஸ்னியின் படப்பிடிப்பு நிலையத்தோடும் பணியாற்றினார். பிளேட்டோவின் 'குடியரசை' எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதினார்.

இதே காலத்தில் பேசிக் ஆங்கிலத்துக்கு ஒரு பெரிய ஆதரவு கிடைத்தது. அந்த ஆதரவே அதற்குக் கேடாகவும் முடிந்தது. 1943 செப்டம்பரில் ஹார்வர்டில் உரையாற்றிய வின்ஸ்டன் சர்ச்சில் அதைப் பாராட்டிப் பேசினார். வருங்காலப் பேரரசுகள் மனங்களின் மீதான பேரரசுகளாக இருக்கும் என்ற பொருள்பட அதே உரையில் கூறினார். அடிமைப்பட்டுக் கிடந்த நாடுகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிரிட்டிஷ் அரசு பின்னர் அதன் உரிமையை 23,000 பவுண்டுக்கு ஆக்டனிடமிருந்து வாங்கிக்கொண்டது. அரசாங்கக் கோப்புகளுக்குள் நுழைந்த திட்டம் அங்கேயே உறங்கிப் போயிற்று.

அரசியல் ஒருபுறமிருக்க, ஆசிரியர்கள் எழுப்பிய ஆட்சேபமும் வலுவானது. வங்காளத்தில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1930களிலேயே பேசிக் ஆங்கிலத்தைக் கடுமையாக விமர்சித்தார். சொற்களின் எண்ணிக்கை குறைந்தால் மொழி எளிதாகிவிடும் என்பது மயக்கம். பதினெட்டு வினைகளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமானால், அவற்றோடு 'இன்', 'அப்', 'வித்' போன்றவற்றைச் சேர்த்துச் சேர்த்துப் புதிய பொருள்களை உண்டாக்க வேண்டும். தமிழில் ஓர் உதாரணம் பார்க்கலாம். 'பார்', 'கொள்', 'கொடு', 'விடு', 'போ' என்ற ஐந்து வினைகளும் தெரிந்த வெளிநாட்டவருக்குப் 'பார்த்துக்கொள்' என்பதும், 'விட்டுக்கொடு' என்பதும், 'போகவிடு', 'போய்விடு' என்பவற்றின் வேறுபாடும் தாமாகவே விளங்கிவிடுமா? பட்டியலில் மிச்சப்பட்டது மரபுத்தொடர்களில் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. தாய்மொழிக்காரருக்கு எளிமையாகத் தெரிவது கற்பவருக்கு எளிமையாக இருக்க வேண்டுமென்பதில்லை.

*

1963இல், எழுபதாம் வயதில், ரிச்சர்ட்ஸ் ஹார்வர்டிலிருந்து ஓய்வு பெற்றார். கவிதைகள் எழுதினார். 1974இல் மனைவி டோரதியோடு கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். இருவரும் தேர்ந்த மலையேறிகள். ஆல்ப்ஸ் மலையின் டென்ட் பிளான்ஷ் சிகரத்தை அதன் வடக்கு முகட்டின் வழியே 1928இல் ஏறியது மலையேற்ற வரலாற்றில் பேசப்படும் சாதனை. இளமையில் காசநோயால் துன்புற்றவர் அவர் என்பதை நினைத்தால் அதன் அருமை கூடும்.

சீனாவின் கதவு இதற்கிடையில் மூடிக்கொண்டுவிட்டது. 1950இல் ஒருமுறை அவர்கள் அங்கு சென்று வந்தார்கள். பிறகு கொரியப் போர். ஆங்கிலத்தின் இடத்தை 1950களில் ரஷ்ய மொழி பிடித்தது. 1966இல் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியபோது அந்நிய மொழி தெரிந்திருப்பதே சந்தேகத்துக்குரிய செயலாயிற்று. எம்ப்சனின் மாணவர் மூ டான், அமெரிக்காவில் படித்துவிட்டு 1953இல் தாய்நாடு திரும்பியவர், ஆண்டுக்கணக்கில் ஒடுக்கப்பட்டார். கவிதை வெளியிட வழியின்றி, மொழிபெயர்ப்புகளில் மூழ்கியிருந்து, நிலைமை மாறத் தொடங்கிய 1977இன் தொடக்கத்தில் இறந்துபோனார். ஆங்கிலம் கற்பிப்பதால் மாணவருக்கு என்ன நேரும் என்பதை எந்த ஆசிரியராலும் முன்கூட்டி அறிய முடிவதில்லை.

அதே 1977இன் இறுதியில் சீனாவில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மீண்டும் நடந்தது. ஏறத்தாழ 57 இலட்சம் பேர் எழுதினார்கள். ஆங்கிலத்துக்கான பசி நாடெங்கும் பரவியது. கற்பிக்கத் தெரிந்தவர்கள் கிராமங்களிலிருந்தும் தொழிற்கூடங்களிலிருந்தும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். இந்தச் சூழலில்தான் ரிச்சர்ட்ஸுக்குச் சீன அரசின் அழைப்பு வந்தது. பல்கலைக்கழகங்களில் உரை நிகழ்த்த வேண்டும், ஆங்கிலம் கற்பித்தல் பற்றிப் பேச வேண்டும். வயதையும் உடல்நிலையையும் காரணம் காட்டி மறுத்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போனார். ஊர் ஊராகப் பேசினார். பயணம் முடியுமுன்னரே நோயுற்றார். அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அவர் நினைத்தது நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1980களில் சீனா ஆங்கிலம் கற்றது பேசிக் ஆங்கிலத்தின் வழியாக அன்று. சூ குவோசாங்கின் பாடநூல்களும், 1982இல் சீனத் தொலைக்காட்சியில் தொடங்கிய பி.பி.சி.யின் 'ஃபாலோ மீ' தொடரும், பூங்காக்களில் உரக்கப் படித்துப் பழகிய இளைஞர்களின் விடாமுயற்சியும் அந்த வேலையைச் செய்தன. ரிச்சர்ட்ஸின் பட்டியல் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது.

அப்படியானால் அந்தக் கடைசிப் பயணத்தை எப்படி மதிப்பிடுவது? பேரரசின் மொழியைச் சுமந்து சென்ற கடைசித் தூதர் என்று அவரைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ராக்கெஃபெல்லர் பணமும் சர்ச்சிலின் பாராட்டும் தற்செயலானவை அல்ல. சீனர் ஆங்கிலம் கற்க வேண்டும் என்பதற்கு இணையாக ஆங்கிலேயர் சீனம் கற்க வேண்டும் என்று ஒரு திட்டத்தை அவர் வகுக்கவில்லை. மென்ஷியஸ் பற்றிய நூலை எழுதியவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆயினும் நாம் இன்னொன்றையும் காண்கிறோம். அவர் சீனாவுக்குத் திரும்பியது புதியதொரு பொழுதுபோக்கைத் தேடி அன்று. 1937இல் பாதியில் அறுந்துபோன ஒரு வகுப்பு நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அவர் மனத்தில் முடியாமலே இருந்தது. ஊதியமும் பதவியும் புகழும் தேவைப்படாத வயதில் ஒருவர் எந்த வேலைக்குத் திரும்புகிறார் என்பது, அவர் வாழ்நாள் முழுவதும் எதைத் தம் உண்மையான வேலையாகக் கருதினார் என்பதைக் காட்டிவிடுகிறது. விமர்சன உலகம் அவரை 1929இலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. அவரோ அதே ஆண்டில் தொடங்கிய வேறொரு வேலையை முடிக்க எண்பத்தாறாம் வயதில் விமானம் ஏறினார்.

இன்று ஓய்வுக்குப் பின் ஆங்கிலம் கற்பிக்கக் கடல் கடப்பவர்களுக்கு அவருடைய 850 சொற்கள் பயன்படப் போவதில்லை. டெஸ் தூக்கிலேறியபோது கைதட்டிய அந்த வகுப்பு பயன்படக்கூடும். அங்கே அவர் மாணவர்களைத் திருத்துவதற்கு முன் அவர்கள் ஏன் கைதட்டினார்கள் என்று கேட்டார். பிறகு மென்ஷியஸைப் படிக்க உட்கார்ந்தார்.